கணக்கு வாத்தியாரும் 14.75 டிஎம்சியும்

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "என் பெரியப்பா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் பிடித்துவிடுவார். ஆனால் காவிரித் தீர்ப்பு, நெல் கொள்முதல் என்று பேச்சு எழுந்தால் அவர் கட்சி சொன்னதுதான் கணக்கு. ஆதாரம் காட்டினால் இன்னும் இறுகிப்போகிறார். அரசியல் நம்பிக்கை அறிவால் வருகிறதா, உணர்ச்சியாலா, வளர்ப்பாலா? அவரை மாற்ற வழி உண்டா?"

தம்பி, முப்பது வருடம் சமூக உளவியல் பாடம் நடத்தியவள், அதற்கு முன்பு இந்த டெல்டாவில் ஒரு மிராசு வீட்டில் வளர்ந்தவள் என்ற இரண்டு தகுதியிலும் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் வளர்ப்பு முதலில் வருகிறது. எதைப் பார்த்தால் கோபம் வர வேண்டும், எதைப் பார்த்தால் நெஞ்சு குளிர வேண்டும் என்று அது நமக்குப் பழக்கிவிடுகிறது. அறிவு கடைசியாக வந்து, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு வக்காலத்து வாங்குகிறது. ஆனால் அறிவுக்கு அது ஒன்றுதான் வேலை என்றால் இந்த மண்ணில் எந்த மாற்றமும் நடந்திருக்காது. நடந்திருக்கிறது. எப்படி என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

கொள்முதல் நிலையத்திலிருந்தே தொடங்குகிறேன். என் சொந்தத் தம்பியின் நெல்லை ஏற்றிக்கொண்டு ஒரு தை மாதம் நானும் களத்துக்குப் போயிருந்தேன். பனி இறங்கி, தார்ப்பாய்க்கு அடியில் நெல் வேர்த்திருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பதால் எல்லார் கண்ணும் அந்தச் சின்ன மெஷின் மேலேயே இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று லஞ்சம் கொடுத்துவிட்டு வந்த இரண்டு பேர் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆளுங்கட்சிக்காரர்: "இந்த பில் எழுதுற ஆள்தான் மோசம். மேல இருக்கிறவங்களுக்கு இது தெரியவே தெரியாது." மற்றவர் எதிர்க்கட்சி: "ஆளு என்ன பண்ணுவான்? ஆட்சியே இப்படித்தானே." 2021இல் ஆட்சி மாறியது. அடுத்த தை மாதம் அதே களம், அதே வேப்பமரம், அதே இரண்டு பேர். மூட்டைக்குக் கொடுத்த பணமும் நிற்கவில்லை. வாக்கியங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர்களுக்கு உலகம் அப்படித்தான் தெரிந்தது.

நம்மவர் தப்பு செய்தால் அது ஒரு ஆளின் தப்பு, எதிரி தப்பு செய்தால் அது அவர்கள் பிறவிக்குணம். எல்லா நாட்டிலும் மனசு இப்படித்தான் கணக்கு எழுதுகிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1979இல் மரண தண்டனையை ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும் அழைத்து, இரு தரப்புக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனையால் குற்றம் குறைகிறது என்றது, மற்றது குறையவில்லை என்றது. இரண்டையும் படித்தால் இரு தரப்பும் கொஞ்சம் நடுவுக்கு வர வேண்டுமல்லவா? வரவில்லை. தனக்குச் சாதகமான ஆய்வு நல்ல ஆய்வு, மற்றதில் ஆயிரம் ஓட்டை என்று சொல்லி, முன்பைவிட உறுதியாக எழுந்து போனார்கள். ஓட்டை கண்டுபிடிப்பது அறிவின் வேலைதான். எந்தப் பக்கம் பார்த்துக் கண்டுபிடிப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள்.

கணக்கு தெரிந்தவராவது தப்பிப்பார் என்று நீங்கள் நினைத்தீர்கள். அமெரிக்காவில் டான் கஹான் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2013இல் ஒரே எண்கள் கொண்ட அட்டவணையை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் களிம்பு பற்றியது என்று சொன்னபோது, கணக்கில் கெட்டியானவர்கள் சரியான விடையை எடுத்தார்கள். அதே எண்களைத் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றியது என்று மாற்றியபோது, தன் தரப்புக்குப் பிடிக்காத விடை என்றால் கணக்குப் புலிகளும் தடுமாறினார்கள். இரு தரப்புக்கும் நடுவிலான இடைவெளி கணக்கு தெரிந்தவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. பின்னால் இதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு இந்தக் கடைசி முடிவு அவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் படிப்பு இதிலிருந்து காப்பாற்றும் என்று யாரும் காட்டிவிடவில்லை. நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவர், நன்றாக வாதாடவும் தெரிந்தவர்.

இப்போது உங்கள் பெரியப்பாவின் காவிரிக் கணக்கு. நடுவர் மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு மொத்தம் 419 டிஎம்சி என்றது (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி தண்ணீர்). அதில் கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 192. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75. அதில் 10 டிஎம்சி நம் பக்கத்து நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்த்ததால், 4.75 பெங்களூரு குடிநீருக்காக. அதே தீர்ப்புதான் தண்ணீரைப் பங்கிடும் அமைப்பை ஏற்படுத்தச் சொன்னது, அந்த ஆண்டு ஜூனில் மேலாண்மை ஆணையமும் வந்தது. எண்களில் சண்டையே இல்லை, தீர்ப்பில் அச்சாகியிருக்கின்றன. ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெஞ்சில் "14.75 போச்சு" என்றார்கள், அடுத்த பெஞ்சில் "ஆணையம் வந்துச்சு" என்றார்கள். எந்த எண்ணை முதலில் சொல்வது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் கட்சி இருந்தது. உங்கள் பெரியப்பா தப்பாகக் கூட்டவில்லை தம்பி. அவர் எந்த வரியிலிருந்து கூட்டத் தொடங்குகிறார் என்று பாருங்கள்.

இதை முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய ஒரு ஓட்டு எந்தத் தேர்தலையும் திருப்பப்போவதில்லை. ஆனால் நாற்பது வருடம் கூடவே டீ குடித்தவர்கள், கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவர்கள், ஆஸ்பத்திரிக்கு ராத்திரி வண்டி எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு பெஞ்சில் இருக்கிறார்கள். அங்கே "நம்ம தலைவர் சொன்னது தப்பு" என்று ஒருநாள் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் பெஞ்சில் இடம் இருக்கும், பேச்சு இருக்காது. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த சோதனைகளில், ஒரு கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்ற சின்னக் கேள்விக்கு, கூட இருந்தவர்கள் எல்லாம் (சொல்லி வைத்தபடி) தப்பாகச் சொன்னதும், கண்ணெதிரே தெரிந்ததை விட்டு நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். முன்பின் தெரியாத ஆட்களுக்கே அப்படி. அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால், அந்தத் தப்பு பெருமளவு குறைந்துவிட்டது. இந்த ஒரே ஒருவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

வளர்ப்பு என்ன செய்யும் என்பதை என்னை வைத்தே சொல்கிறேன். எங்களுக்கு நாலு வேலி நிலம். திண்ணையில் தாத்தா வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்வார்: "அம்பத்திரண்டாம் வருஷ சட்டம் வந்துதான் ஊர் கெட்டுச்சு." அவருக்குப் பின்னால் அப்பாவும் அதையே சொன்னார். அது 1952இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது தஞ்சை மாவட்டத்துக்கென்றே வந்த குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்பதுகூட எனக்குத் தெரியாது. தெரியாமலேயே நம்பினேன். எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் அதையே மூன்று காரணம் காட்டிப் பேசி, எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினேன். காரணங்களை நான்தான் யோசித்தேன், யாரும் எழுதித் தரவில்லை. முடிவு மட்டும் திண்ணையில் கிடைத்தது.

1981இல் தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி எங்கள் ஊர்க்காரி. எங்கள் வீட்டிலிருந்து அவள் தெருவுக்குப் பத்து நிமிட நடை. பத்தொன்பது வருடத்தில் நான் அங்கே கால் வைத்ததில்லை. பொங்கல் லீவில் கூட்டிப் போனாள். கூரை வீடு, சாணம் மெழுகிய வாசல். வாசலில் அவள் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "யாரு புள்ள இது?" என்று கேட்டாள். தோழி என் வீட்டைச் சொன்னாள். அந்தப் பாட்டி முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மெதுவாக எழுந்தாள். எழுந்து, இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். அவளுக்கு எழுபது வயது, எனக்குப் பத்தொன்பது. "உட்காருங்க பாட்டி" என்றேன். "இருக்கட்டும் தாயி" என்றாள். நான் அந்த வாசலில் இருந்த கால் மணி நேரமும் அவள் உட்காரவில்லை. முறத்தில் பாதி புடைத்த அரிசியைக் குருவி கொத்திக்கொண்டிருந்தது.

என் மூன்று காரணங்களில் எதையும் அங்கே யாரும் மறுக்கவில்லை. ஒரு வார்த்தை வாதம் நடக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. லீவு முடிந்ததும் நூலகத்தில் அந்தச் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது, பண்ணையாளுக்குக் கூலி இவ்வளவு என்று வரையறை வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இதனால் எப்படி ஊர் கெடும் என்று முதன்முறையாகக் கேட்டுக்கொண்டேன். அறிவு அன்றைக்குத்தான் எனக்கு வேலை செய்தது. ஆனால் அதை நூலகம் வரைக்கும் நடத்திக்கொண்டு போனது வெட்கம்.

அதனால்தான் "உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு யோசி" என்ற அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை. நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ சிகிச்சையளித்தவர்களில், மூளையின் முன்பகுதி சேதமாகி உணர்ச்சி மங்கிப்போனவர்கள் உண்டு. அவர்களுக்கு அறிவுத்திறன் குறையவில்லை. ஆனால் மறுபடி எந்தத் தேதியில் வருவது என்ற சின்ன முடிவுக்குக்கூட இருபக்கக் காரணங்களையும் அடுக்கிக்கொண்டே போவார்கள், முடிவு மட்டும் வராது. உணர்ச்சி இல்லாத இடத்தில் அறிவுக்குக் கரை இல்லை.

எந்த உணர்ச்சி என்பதுதான் கேள்வி. கோபமும் குதூகலமும் நம்மை நம் பெஞ்சிலேயே உட்கார வைக்கும். கவலை அப்படி இல்லை. அது பழக்கத்தைக் கலைத்து, "என்ன நடக்குது?" என்று விசாரிக்க வைக்கும். அரசியல் உளவியலில் ஜார்ஜ் மார்கஸ் போன்றவர்கள் இதைப் பல தேர்தல்களை வைத்து எழுதியிருக்கிறார்கள். நமக்கு உதாரணத்துக்கு மீத்தேன் விவகாரம் போதும். மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் என்ற எரிவாயுவை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியபோது, அதுவரை ஒரே மதகில் நின்று பேச மாட்டாத கட்சிக்காரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். நிலக்கரி எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது, மீத்தேனை வெளியே எடுக்க ஏன் முதலில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்ட வேண்டும், அந்த நீரில் உப்பு எவ்வளவு, கடல் நீர் உள்ளே வருமா என்று பத்தாவது தாண்டாத விவசாயிகள் கேள்வி கேட்டதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அய்யா நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் உயிர் விட்டார். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்தச் சட்டத்துக்கு யார் காரணம் என்று கேட்டால் மறுபடி ஆளுக்கொரு பெஞ்சுதான். ஆனால் பயந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் அவர்கள் நிஜமாகவே யோசித்தார்கள், அதுவும் சேர்ந்து யோசித்தார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றமும் இங்கே நடந்திருக்கிறது. தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிக் கரைசலான சாணிப்பாலும் சவுக்கடியும் விதி என்று நம்பிய பண்ணையாட்கள் 1940களில் அதை விதி இல்லை என்று நம்பத் தொடங்கினார்கள். தென் கன்னடப் பகுதியில் பிறந்து இங்கே வந்து செங்கொடிச் சங்கம் கட்டிய பி. சீனிவாசராவின் பெயரை இன்றும் திருத்துறைப்பூண்டி பக்கத்துக் குடிசைகளில் சாமி பெயர்போலச் சொல்வார்கள். என் தோழியின் அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், சங்கத்தில் என்ன பேசினார்கள், எந்தப் பேச்சில் மனசு மாறியது என்று. அவர் பேச்சு எதையும் சொல்லவில்லை. "வெளியூரு தோழர் ஒருத்தர் வந்து எங்க வூட்டுல கஞ்சி வாங்கிக் குடிச்சாரும்மா. அதோட சரி" என்றார். ஆஷ் சோதனையின் அந்த ஒரே ஒருவர் இவர்தான். சுற்றி எல்லாரும் "நீ கீழே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஒரு ஆள் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டார். கூலிக் கணக்கு, சட்டம், உரிமை எல்லாம் அதற்குப் பிறகு காதில் ஏறியது.

அப்படி ஏறியது அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது. கூலி நெல் உயர்வு கேட்ட போராட்டத்தின் பின்னணியில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே நினைவு நாளுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து வரும் குழந்தைக்கு வர்க்கம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அப்பாவின் கழுத்து இறுகுவது அதன் காலுக்குத் தெரியும். பின்னாளில் அந்தப் பிள்ளை படிக்கும் எந்தப் புத்தகமும் அந்த இறுக்கத்தின் மேல்தான் போய் உட்காரும். என் வீட்டுத் திண்ணை எனக்குச் செய்ததும் இதைத்தான். இரண்டும் ஒரே விதத்தில் வேலை செய்கின்றன என்பதால் இரண்டும் சமமான உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றில் 44 உயிர் இருக்கிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஆதாரம் காட்டினால் இறுகிப்போகிறார் என்றீர்கள். 2010இல் வந்த ஒரு ஆய்வை வைத்து நாங்களும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். பிறகு ஏராளமானவர்களிடம் செய்து பார்த்ததில் அது அபூர்வம் என்று தெரிந்தது. சரியான தகவலைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கட்சியை மட்டும் மாற்றிக்கொள்வதில்லை. உங்கள் பெரியப்பாவும் எண்ணை மனசுக்குள் ஏற்றுக்கொண்டிருப்பார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேரன் பேத்திகள் முன்னால் ஒப்புக்கொள்வாரா என்றால், மாட்டார். நீங்களும் மாட்டீர்கள்.

என் அப்பாவிடம் நான் பல வருடம் வாதாடினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் வாதாடாமல் கேட்டேன்: "அந்தச் சட்டத்துக்கு முன்னாடி கூலி எப்படிப்பா அளப்பீங்க?" அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நடவுக்கு எத்தனை, அறுப்புக்கு எத்தனை, மரக்கால் எது, படி எது என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். கடனாகத் தருவோம் என்றார். அதை எப்படித் திருப்புவார்கள்? அடுத்த அறுப்பில் கழிப்போம். அப்போ அறுப்புக் கூலி? விரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தார். வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைசிவரை அவர் ஒரே சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போட்டார். ஆனால் அம்பத்திரண்டாம் வருஷ சட்டம் பற்றிய அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. ஒரு திட்டம் ஏன் சரி என்று கேட்டால் மனிதர் வாதாடுவார். அது எப்படி நடக்கிறது என்று படிப்படியாகச் சொல்லச் சொன்னால், தனக்கு எவ்வளவு தெரியும் என்று அவரே அளந்துகொள்வார். 2013இல் அமெரிக்காவில் சிலர் இதை ஆய்வாகவும் செய்து, விளக்கச் சொன்ன பிறகு மக்கள் நிலைப்பாடு கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தார்கள். எனக்கு அப்பாவின் விரல்கள் போதும்.

அதனால் தம்பி, குழுவில் அந்த 14.75ஐ இனிமேல் போடாதீர்கள். மேட்டூர் திறந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் பெரியப்பாவோடு வரப்பில் நடந்து போங்கள். வேறு யாரும் வேண்டாம். கல்லணையிலிருந்து கடைமடைக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, முறை வைப்பது யார், மேலத் தெரு மதகைத் திறந்தால் கீழ வயலுக்கு எத்தனை நாள் என்று அவரை விளக்கச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியார், ஆசையாகச் சொல்வார். நடுவில் குறுக்கிடாதீர்கள்.